திரும்பி வந்த விமானமும் திரும்பாத விமானமும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் வலி பற்றிய சந்தேகங்களை மதியச் சாப்பாட்டின்போது கேளுங்கள், சொல்கிறோம். இந்த மேடையில் சொல்ல விரும்புவது கடந்த மார்கழி விடுமுறையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒன்றை. அதிலும் கொஞ்சம் மருத்துவம் இருக்கிறது. இந்தப் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

எங்கள் அம்மாவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். ஆறு மாதம் எங்களுடன் இங்கிலாந்தில் இருந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கும் விடுமுறை. சென்னை வழியாக நேரே பலாலிக்கு வரலாம் என்று முடிவு செய்தோம். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகும், கொழும்பில் இறங்கி இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து வருவாரே தவிர, பலாலிப் பாதையில் அவர் ஏறவே மாட்டார். இம்முறை முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஓம்பட்டார்.

அவர் ஏன் மறுத்தார் என்பது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்.

1998 இல் நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். ஏ9 பாதை மூடிக்கிடந்தது. கொழும்புக்குப் போவதென்றால் கப்பல், இல்லாவிட்டால் பலாலியிலிருந்து சிறிய விமானம். அந்த ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி பிற்பகல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம், கிளம்பிச் சிறிது நேரத்தில் மன்னார்க் கடற்பக்கம் காணாமற் போனது. அதில் 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தார்கள். அம்மாவோடு இதே வகுப்பறையில் படித்த சிநேகிதி ஒருவரின் தம்பியும் அதில் போயிருந்தார்.

விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது என்று கதை வந்தது. ஆனாலும் உடலும் இல்லை, உடைந்த துண்டும் இல்லை. எங்கேயாவது இறக்கி வைத்திருப்பார்கள், ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வருவான் என்றே அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. செல்வச்சந்நிதிக்கு நேர்த்தி வைத்தார்கள், வல்லிபுரக் கோயிலுக்கு நடந்தார்கள், சாத்திரம் கேட்டார்கள். 2012 இல்தான் இரணைதீவுக் கடலின் அடியில் விமானத்தின் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டெடுத்தார்கள். 2013 தை மாதம், மீட்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்தில் வைத்தார்கள். அம்மா சிநேகிதியுடன் துணைக்குப் போனார். பதினான்கு வருடம் கடலுக்குள் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தம்பியினுடையது என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தார்கள்.

அந்தப் பலாலிக்குத்தான் கடந்த மார்கழியில் நாங்கள் பறந்தோம். எழுபது பேர் அளவில் இருக்கக்கூடிய, காற்றாடி சுழலும் விமானம். வடகீழ்ப் பருவமழைக் காலம். கடலைத் தாண்டும்வரை சுகமாக இருந்தது. பலாலியை நெருங்கியதும் முகிலுக்குள் புகுந்தோம். அதன்பிறகு கல்லொழுங்கையில் மாட்டுவண்டி போவதுபோல் உதறத் தொடங்கியது. இடையிடையே கிணற்றுக்குள் விழுவதுபோல் இறங்கியது. விமானி இறங்கப் பார்த்து, ஓடுபாதை தெரியாமல் திரும்ப மேலே ஏறினார். இரண்டாம் முறையும் அப்படியே. யாரோ சத்தி எடுத்தார்கள். குழந்தைகள் வீரிட்டு அழுதார்கள்.

அம்மாவும் எங்கள் மகனும் இரண்டு வரிசை முன்னால் இருந்தார்கள். நடைபாதைக்கு அடுத்த பக்கம் ஓர் இளம் பெண், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கினாள். விரல்கள் விறைத்து உள்ளே மடங்குவது எங்களுக்குத் தெரிந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடும். தலை சுற்றும், உதடும் விரலும் விறைக்கும், செத்துப்போகிறோம் என்று தோன்றும். மூச்சை ஆறுதலாக, நீளமாக வெளியே விடச் செய்வதுதான் வைத்தியம். ஆனால் எழுந்து போக முடியாது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியபோது, ஆசனப்பட்டி பூட்டாதிருந்தவர்கள் கூரையில் மோதிக் காயப்பட்டார்கள். ஒரு பயணி உயிரிழந்தார். இது தெரிந்த வைத்தியர் பட்டியைக் கழற்றலாமா?

அப்போது அம்மா கையை நீட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். தேவாரம் பாடத் தொடங்கினார். கோயிலில் பாடும் உச்சக் குரலில் அல்ல. இந்தக் கல்லூரியின் காலைப் பிரார்த்தனையில் பாடுவோமே, வரிக்கு வரி நிறுத்தி, ஒரே மூச்சில் ஒரு வரி, அப்படி. எங்கள் மகனுக்குப் பாதிச் சொற்கள்தான் தெரியும். அவனும் சேர்ந்தான். மகளும் நாங்களும் பின்னாலிருந்து சேர்ந்தோம். அந்தப் பெண்ணுக்குத் தேவாரம் தெரியாது. ஆனால் அம்மாவின் வாயைப் பார்த்து, வரி முடியும்போது மூச்சு எடுத்து, அடுத்த வரிக்கு மூச்சு விட்டாள். பிறகு தன் செபத்தையே அதே மெட்டின் வேகத்தில் சொல்லத் தொடங்கினாள். மடங்கிய விரல்கள் மெல்ல விரிந்தன.

விமானி சென்னைக்கே திரும்புவதாக அறிவித்தார். இப்படித் திரும்புவதற்கும் வேறிடம் போவதற்கும் போதிய எரிபொருளோடுதான் விமானங்கள் புறப்படுகின்றன. பத்திரமாகச் சென்னையில் இறங்கினோம்.

அன்றிரவு விடுதியில் மகன் சொன்னான், "அம்மம்மா தேவாரம் பாடினபடியால்தான் நாங்கள் தப்பினது."

எல்லோருக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது.

"அப்பிடிச் சொல்லாதை ராசா. அந்தப் பிளேனிலை போனவையும் தேவாரம் பாடித்தான் இருப்பினம். செபமும் சொல்லியிருப்பினம். அதுகள் கும்பிட்டது காணாதெண்டே சொல்லுறாய்?"

"அப்ப ஏன் அம்மம்மா பாடினீங்கள்?"

"பயத்திலை ஒருத்தரும் தனிய இருக்கக்கூடாது. அதுக்குத்தான்."

சகோதரிகளே, இருபது வருடமாக நோயாளிகளின் கட்டிலருகே நிற்கும் எங்களுக்கு அந்தப் பதில் புதிதாக இருந்தது. பிழைத்தவரின் குடும்பம் "கடவுள் காப்பாற்றினார்" என்று கையெடுக்கும்போது நாங்களும் தலையசைத்திருக்கிறோம். அடுத்த கட்டிலில் பிள்ளையை இழந்த தாய்க்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்ததில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடமராட்சி கிழக்கிலிருந்து வந்த தாய்மாரை மாணவியாக இருந்தபோது பார்த்தோம். "என்ன நேர்த்தியை மறந்தனோ" என்று தங்களைத் தாங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இழப்பின் மேல் அந்தச் சுமையையும் அவர்களுக்கு ஏற்றியதில், தப்பியவர்களாகிய நாம் பேசும் பேச்சுக்கும் பங்குண்டு.

இதனால் நம்பிக்கை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மறுநாள் காலை அதே பாதையில் விமானம் ஏற வேண்டியிருந்தது. கொழும்பு வழியாகப் பஸ்ஸில் போகலாமா என்று கேட்டோம். அம்மா திருநீறு பூசி, எங்கள் எல்லோருக்கும் பூசிவிட்டு, முதல் ஆளாக வரிசையில் போய் நின்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அஞ்சிய பாதை அது. இறங்கும்போது மழை விட்டிருந்தது. பனைகள் தெரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் தச்சந்தோப்புப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவார் என்று நினைத்தோம். அவர் பையை வைத்த கையோடு சிநேகிதி வீட்டுக்குப் போனார். பின்னேரம்வரை வரவில்லை. என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்டும் கதைக்கேல்லை, தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்றார். பிள்ளையாரிடம் அடுத்த நாள்தான் போனார்.

இந்த நூற்றாண்டு மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். நம்மோடு பிரார்த்தனை மண்டபத்தில் நின்று பாடியவர்களில் பலர் இன்று ஊரில் தனியே இருக்கிறார்கள். சிலரின் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். சிலரின் பிள்ளைகள் திரும்பி வரவேயில்லை. நீங்கள் இங்கே நிற்கும் இந்த ஓரிரு கிழமைக்குள், கோயில்களுக்குப் போகும் வழியில், அப்படி ஒரு வீட்டுப் படலையையும் திறவுங்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.