நம்பர் 1 தொகுதி

தமிழ்நாட்டுத் தொகுதிப் பட்டியல்ல நம்பர் 1 எது? சென்னையில இல்லங்க, கும்மிடிப்பூண்டி. செக்போஸ்ட் இருக்கிற எளாவூர் இங்கதான் வருது.

'தீரன் அதிகாரம் ஒன்று' பார்த்திருப்பீங்க. அந்தக் கதைக்குப் பின்னாடி இருக்கிற நிஜக் கொலைகள்ல ஒண்ணு, 2005 ஜனவரியில இந்தத் தொகுதி எம்எல்ஏ சுதர்சனம் கொல்லப்பட்டது. இடைத்தேர்தல்ல அவர் மகன் விஜயகுமார் ஜெயிச்சார். 2006, 2016லயும் அவரேதான். நடுவுல 2011ல தேமுதிக, அப்புறம் 2021ல திமுக.

சரி, பழவேற்காடு ஏரிக்கு வருவோம். எளாவூர் கும்மிடிப்பூண்டியில, பழவேற்காடு ஊர் பொன்னேரியில, வடக்கே ஆந்திரா. ஒரே தண்ணியில வலை போடுறவங்க ஓட்டு மூணா பிரியுது. முகத்துவாரம் மண் மூடினா மீன்வரத்து எல்லாருக்கும்தான் குறையும். ஆனா அந்த முகத்துவாரம் பொன்னேரித் தொகுதி. எளாவூர்ப் பக்கத்து மீனவர் எந்த எம்எல்ஏகிட்ட மனு கொடுப்பார்?