மூட்டுவலிக்குப் ‘பெப்டைட்’ மருந்தா?

லாபு, லிங்கி, பாகாவ் எனத் தோட்டந்தோட்டமாகப் பால்மரம் வெட்டி ஓய்ந்த நம் பெற்றோர் பலருக்கு முழங்கால் வலி தீராத துணை. அந்த வலியைக் குறிவைத்துப் ‘பெப்டைட்’ என்ற பெயரில் மாவும் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. “ஆய்வுக்கூடத்தில் வீக்கத்தை அடக்கியிருக்கிறது” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

புரதம் ஒரு நீண்ட மணிமாலை என்றால், சில மணிகள் மட்டும் கோத்த சிறு துண்டுதான் பெப்டைட். மணி என்பது அமினோ அமிலம். நம் உடலே இத்துண்டுகளைத் தூது அனுப்புகிறது. பாம்பு விஷத்தை ஆராய்ந்த பிரேசில் விஞ்ஞானி ரோச்சா இ சில்வாவும் அவர் குழுவினரும் 1949-இல் அறிவித்த பிராடிகினினில் 9 மணிகளே உண்டு. அது இரத்தக் குழாயில் தனக்குரிய வாசலைத் தொட்டால் போதும். குழாய் விரியும், நீர் கசியும், வீக்கமும் வலியும் வரும்.

அந்த வாசலை அடைக்க 10 மணிகளில் செயற்கையாகச் செய்த பெப்டைட்தான் இகாடிபன்ட். பரம்பரையாக வரும் ஒருவகைத் திடீர் வீக்க நோய்க்கு அது ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2011-லும் அனுமதி பெற்றது. ஆக, பெப்டைட் என்பது பொய்யல்ல. ஆனால் அது தோலுக்கடியில் போடும் ஊசி; மூட்டுவலிக்கானதும் அல்ல. வாய்வழி போனால் இத்தகைய துண்டுகளைக் குடல் பெரும்பாலும் செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

கண்ணாடித் தட்டில் பலித்தது மனிதரிடம் பலிக்குமா என்பதை மனிதரிடம்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நம் நெகிரி செம்பிலானே சாட்சி. 1907-இல் ஜெலுபுவின் டூரியான் திப்புஸில், சாலை அமைக்க வந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை மருத்துவர்கள் பிரேசரும் ஸ்டான்டனும் இரு பிரிவாக்கினர். தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. புழுங்கல் அரிசி உண்டவர்களுக்கு வரவில்லை. தோட்டத் தமிழர்களின் புழுங்கல் சோற்று மகிமை அப்படித்தான் நிரூபணமானது.

ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? மருந்தென்றால், சுகாதார அமைச்சின் ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண் எங்கே? பதில் இல்லையென்றால், ஊழியர் சேமநிதியில் எஞ்சிய பணத்தை அதில் கொட்டாதீர்கள். கிளினிக்கில் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்பதற்குக் காசு வேண்டாம்.