தேதி போடாத அதிகாரம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவர்களைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோவது நம் மன்றத்தின் வழக்கமில்லை. அவர்கள் பாதியில் விட்டுப்போன வேலைகளில் ஒன்றை எடுத்துப் பேசுவோம். இந்த முறை எடுத்துக்கொண்டது அதிகாரப் பிரிவினை. சட்டம் இயற்றுவது யார், நிறைவேற்றுவது யார், சரிபார்ப்பது யார், ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் எவ்வளவு தூரம் வரலாம் என்ற கேள்வி.

மாமல்லபுரத்தில் இதைப் பேச வந்திருக்கும் நம்மிடம், புதுப்பாக்கம் சட்டக் கல்லூரி மாணவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று: ஆளுநர் பக்கமா, அரசு பக்கமா, தலித் இயக்கம் எந்தப் பக்கம்? சேரியில் பெரியவர்கள் கேட்பது வேறு: கிண்டிக்கும் கோட்டைக்கும் சண்டை, நடுவில் நமக்கென்ன வேலை? இரண்டாவது கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் சொன்னால் முதலாவதற்கும் பதில் வந்துவிடும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு சட்டமன்றம் 2020 தொடங்கி 2023 வரை நிறைவேற்றிய பத்து மசோதாக்கள் ஆளுநரின் மேசையில் கிடந்தன. எல்லாம் பல்கலைக்கழகங்கள் பற்றியவை. துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதே பெரும்பாலும் விவகாரம். அவற்றில் ஒன்று அண்ணல் அம்பேத்கர் பெயரிலான சட்டப் பல்கலைக்கழகத்துக்கான திருத்தம். இரண்டு மசோதாக்கள் முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை என்பதையும் கவனியுங்கள். இதை இரண்டு கட்சிகளின் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் அதைச் சொல்வதில்லை. 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி பத்துக்கும் ஒப்புதல் மறுத்தார். 18ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் சட்டமன்றம் அவற்றை மறுபடி நிறைவேற்றியது. 28ஆம் தேதி ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஏழு மறுக்கப்பட்டன, இரண்டு அப்படியே நின்றன.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, மறுபடி நிறைவேற்றி வந்த மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது செல்லாது என்றது. 142ஆவது பிரிவின்கீழ் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்தது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பும் வகுத்தது. சில நாட்களில் அந்தச் சட்டங்கள் ஆளுநரின் கையெழுத்து இல்லாமலேயே அரசிதழில் வந்தன. அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜெகதீப் தன்கர் நீதிமன்றத்தைக் கடுமையாகச் சாடினார். மே 13 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் தேதி குறிக்க முடியாது, கையெழுத்துப் போட்டதாகக் கருதிக்கொள்வதும் கூடாது. ஆனால், காரணமில்லாமல் முடிவற்றுக் காலம் கடத்தினால், ஒரு முடிவை எடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம்.

கவாய் அவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்த இரண்டாவது பட்டியல் சாதித் தலைமை நீதிபதி. பௌத்தர். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதனால் அந்தக் கருத்தோடு முரண்படக் கூடாது என்று நம் தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். அம்பேத்கரியம் அப்படிச் சொல்லவில்லை. நாம் முரண்படுகிறோம். எங்கே முரண்படுகிறோம் என்பதற்கு அரசியல் நிர்ணய சபைக்குப் போக வேண்டும்.

1949 மே மாதம். குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் ஆறு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று வரைவில் இருந்தது. அந்த ஆறு வாரத்தை எடுத்துவிட்டு, ‘கூடிய விரைவில்’ என்று மாற்றும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அண்ணல்தான். எச்.வி. காமத் எதிர்த்தார். ‘கூடிய விரைவில்’ என்பது பிடிமானமில்லாத சொல், தேதி இருக்கட்டும் என்பது அவர் கட்சி. சபை அண்ணலோடு நின்றது. ஆறு வாரம் என்று போட்டால் ஆறாவது வாரம்வரை வைத்திருப்பார்கள், உடனே செய் என்றால் உடனே செய்வார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. பெரிய பதவியில் இருப்பவர் பெரிய மனிதராக இருப்பார் என்ற நம்பிக்கை. காமத் சொன்னதுதான் நடந்தது என்று இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணலைப் படிப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

இது ஒருமுறை நடந்ததல்ல. நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற இன்றைய 50ஆவது பிரிவையும் 1948 நவம்பரில் கொண்டுவந்தவர் அண்ணல்தான். முதலில் அதில் மூன்று ஆண்டுகள் என்று கெடு இருந்தது. மறுநாளே அந்தக் கெடு நீக்கப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியாக நாடு முழுவதற்கும் அந்தப் பிரிவினை வந்தது 1974 ஏப்ரலில். மூன்று ஆண்டு கால் நூற்றாண்டாகிவிட்டது.

சரி, தேதி போட்ட இடமே இல்லையா? இருக்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் பத்து ஆண்டுகளில் முடியும் என்று 334ஆவது பிரிவு தேதி போட்டது. (கல்வி, வேலை இடஒதுக்கீட்டுக்கு அந்தக் கெடு கிடையாது. மேடைக்கு மேடை இதைக் குழப்புகிறவர்களிடம் மாணவர்கள் சட்டப் புத்தகத்தைக் காட்ட வேண்டும்.) பத்துப் பத்தாண்டாக நீட்டி இப்போது 2030க்கு வந்திருக்கிறோம். அதிகாரம் உள்ளவருக்குக் ‘கூடிய விரைவில்’. அதிகாரத்தில் பங்கு கேட்டவருக்கு நாள் எண்ணிய கெடு. அரசமைப்பை நாம் காக்கிறோம், காப்போம். அதற்குள் இருக்கிற இந்த ஏற்றத்தாழ்வையும் வாய்விட்டுச் சொல்வோம்.

தேதி போட்டால் ஆட்சியே நின்றுவிடும் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். உலகிலேயே அதிக அதிகாரம் கொண்டவர் என்று சொல்லப்படும் அந்நாட்டுக் குடியரசுத் தலைவருக்கு ஒரு மசோதாவின்மேல் முடிவெடுக்க ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். காங்கிரஸ் கூட்டத்தில் இருக்கும்போது அந்தப் பத்து நாளில் அவர் கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் அது சட்டமாகிவிடும். கையெழுத்துப் போட்டதாகக் கருதுவது ஏதோ பர்திவாலா அமர்வின் கண்டுபிடிப்பு என்பதுபோல் பேசினார்கள். அங்கே அது 18ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதிவைத்த விதி. நம் நாட்டில் அது அரசமைப்பில் எழுதப்படவில்லை, அதனால் நீதிமன்றம் எழுதக் கூடாது என்றால் அது நியாயமான வாதம்தான். அப்படியானால் நாடாளுமன்றம் எழுதட்டும் என்று கேட்கும் இயக்கம் எங்கே?

எதிர் உதாரணம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1986இல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதாவை ராஜீவ் காந்தி அரசு நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மசோதா கிடப்பிலேயே போயிற்று. நாட்டுக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அவர் ஏன் போடவில்லை என்பது மக்களுக்கு எழுத்தில் சொல்லப்படவில்லை. நல்ல மனிதர் காரணம் சொல்லாமல் வைத்திருந்த பழக்கத்தைத்தான் பிறகு வந்தவர்கள் வேறு நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். கிண்டியில் காகிதம் கிடந்தால் நமக்கென்ன?

இந்தச் செங்கல்பட்டு மண்ணில் காகிதம் கிடந்த கதையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்கீர், இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் கேட்டால் மிராசுதாரர் தடுக்கிறார் என்று எழுதினார். வருவாய் வாரியம் தயங்கியது, மறுத்தது. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று வந்ததுதான் 1010 என்று நாம் சொல்லும் அரசாணை. முதல் பத்து ஆண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நிலம் கிடைத்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று யார் கையில் என்பதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் விடை நிற்கும், மதிற்சுவரோடு.

1994 அக்டோபர் 10. காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆளுநர் சென்னா ரெட்டிக்கும் முதல்வர் ஜெயலலிதாவுக்கும் உச்சகட்ட மோதல். மறு ஆண்டு முதல்வர்மீது வழக்குத் தொடர ஆளுநர் அனுமதி கொடுத்தார். பத்திரிகைகளுக்கு அதுதான் செய்தி. ஆளும்போது ஆளுநர் பதவியே வேண்டாம் என்பதும், எதிர்வரிசையில் உட்கார்ந்ததும் அதே ஆளுநரிடம் மனுவோடு போவதும் நம் கட்சிகள் மாறி மாறிச் செய்துவருவது. அந்தச் சண்டையில் காரணை எந்தப் பக்கத்துக்கும் தேவைப்படவில்லை.

அதிகாரப் பிரிவினை என்பது டெல்லி விவகாரம் அல்ல என்பதை அந்த நிலமே காட்டுகிறது. பட்டா யார் பெயரில் என்று பதிவேட்டை வைத்திருப்பது தாசில்தார். ஆக்கிரமிப்பை எடு என்று நாம் மனுக் கொடுப்பதும் அவரிடம். எடுக்கவில்லை என்று கூட்டம் கூடினால் நிர்வாக நடுவராக வந்து நிற்பதும் அவரும் ஆர்.டி.ஓ.வும்தான். தடையுத்தரவு, அமைதிப் பேச்சுவார்த்தை, இரு தரப்பிடமும் எழுதி வாங்குவது எல்லாம் அதே அலுவலகம். துப்பாக்கிச் சூடு நடந்தால் அதிலும் ஆர்.டி.ஓ. விசாரணை. 1974இல் நீதித்துறை நடுவர்களைத் தனியே பிரித்தார்கள், உண்மை. சேரிக்கு அன்றாடம் வேலை இருக்கும் மேசை மட்டும் பிரியாமலே இருக்கிறது.

ஊராட்சித் தலைவர் கதையைப் பாருங்கள். தலைவர் அதிகாரம், தலைவர் அதிகாரம் என்று பேசுகிறோமே, நம் பெண்கள் எத்தனையோ பேர் தலைவராக இருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் தடுக்கலாம் என்பது நோக்கம். பாடப்புத்தகம் சொல்கிற கட்டுப்பாடும் சமநிலையும்தான் இது. தனி ஊராட்சியில் தலைவர் சேரிக்காரர், துணைத் தலைவர் ஊர்க்காரர் என்று வரும்போது துணைத் தலைவர் பேனாவை எடுக்கமாட்டார். குடிநீர் மோட்டார் பழுதாகிக் கிடக்கும். துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் போகாது. கடைசியில் நிர்வாகம் செய்யத் தெரியவில்லை என்று 205ஆவது பிரிவில் கலெக்டரிடமிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது தலைவருக்கு. கையெழுத்துப் போடாதவருக்கு யாரும் நோட்டீஸ் அனுப்புவதில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடு முழுக்கப் போயிற்று. போடாத கையெழுத்தைப் படம் எடுக்க முடியாது, அதனால் அது செய்தியாவதில்லை.

ஆளுநர் செய்ததும் அந்தத் துணைத் தலைவர் செய்வதும் ஒரே வேலை. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், எழுதினால் வழக்குப் போடலாம். எனவே மறுக்காமல் வைத்திருப்பது. ஆளுநர் விஷயத்தில் நாம் சட்டமன்றத்தின் பக்கம் நிற்கிறோம் என்றால் அதற்குக் காரணம் இதுதான், கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பதல்ல. இரட்டைமலை சீனிவாசன் கோழியாளத்தில் பிறந்தவர், நம் மாவட்டத்துக்காரர். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அவர் நின்று பேச ஒரு சபை இருந்ததால் அது அரசாணையாயிற்று. அந்தச் சபை நிறைவேற்றுவதை நியமிக்கப்பட்ட ஒருவர் பதில் சொல்லாமல் முடக்கலாம் என்றால், நாளை நிலத்துக்கு ஒரு சட்டம் வாங்கினாலும் அது எங்கே கிடக்கும்?

ஆனால் கோட்டையைக் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. ஆளுநருக்குத் தேதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம்வரை போய் வாதாடியது. சரியான வாதம். அதே வாதம் தாசில்தார் மேசைக்கும் பொருந்தும். கர்நாடகத்திலும் கேரளத்திலும் இத்தனை நாளில் பதில் தராவிட்டால் அலுவலருக்கு அபராதம் என்று சேவை உரிமைச் சட்டம் போட்டு ஆண்டுகளாகின்றன. தமிழ்நாட்டில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பஞ்சமி நில மனுக்களுக்கு வரும் பதில், வந்தால், ‘நடவடிக்கையில் உள்ளது’ என்ற ஒரு வரிதான்.

அடுத்த ஜமாபந்திக்கு இந்த மாவட்டத்து மாணவர்கள் ஊருக்கு இருவராக வாருங்கள். 1010இன்கீழ் வந்த நிலத்தின் சர்வே எண், அ-பதிவேட்டு நகல், இதுவரை கொடுத்த மனுக்களின் ரசீது, ஒவ்வொன்றும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்ற கணக்கு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த நாளுக்குள் பதில் என்பதை அலுவலர் எழுத்தில் தரும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள். சட்டம் படித்தவர்கள் தகவல் உரிமை மனுக்களைப் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு மட்டும் முப்பது நாள் என்று தேதி இருக்கிறது.