கிடைத்த திகதி: கப்பல் பொறியியலாளரின் கடிதங்களை வாசிக்கும் முறை

  

கடலோடிகளின் கடிதங்களை எழுதிய திகதிப்படி அடுக்கினால் போதும் என்கிறார்கள் சக ஆய்வாளர் சிலர். வீட்டுக்குக் கிடைத்த திகதிப்படியும் அடுக்கிப் பார்க்காமல் ஒரு வரிக்கும் பொருள் சொல்லலாகாது என்பது என் கட்சி.  துறைமுக வருணனை இல்லாத பொறியியலாளர் கடிதங்கள் சாரமற்றவை என்பதும் அவர்கள் வாதம். ஆனால் பெரும்பாலும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பிஸ்டனைக் கழற்றுவார்கள், கொதிகலனைத் துப்புரவாக்குவார்கள். எஞ்சின் அறையில் நிற்பவன் ஊரைப் பார்ப்பது எப்போது?

திகதிக் கேள்விக்குத் திரும்புவோம். கண்டி–மகியங்கனை வீதியை அண்டிய ஒரு வீட்டில் நான் வாசித்த கடிதக் கட்டைச் சொல்கிறேன். 1967 ஜூன் கடைசியில் கப்பல் பொறியியலாளரான கணவர் எழுதிய கடிதம் முழுக்க மனத்தாங்கல். மனைவி பதிலே போடவில்லையாம். எழுதிய திகதியை மட்டும் பார்த்த ஒருவர் அதைக் குடும்பப் பிணக்கு என்று குறித்துவிட்டார். ஆனால் அந்த அம்மா ஒவ்வோர் உறையின் மூலையிலும் கிடைத்த நாளைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். அவர் சூயஸ் கால்வாய் முனையிலுள்ள போர்ட் செயிட்டில் இருந்த கப்பல் முகவர் விலாசத்துக்கு அனுப்பிய கடிதங்கள் திரும்பி வந்த நாளும் அவ்வாறே குறிக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 5ஆம் திகதி அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. ஊர் திரும்பிய கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியது. பம்பாய்–லண்டன் வழியை எடுத்தாலே அந்தச் சுற்று 4,000 கடல் மைலுக்கு மேல் கூடுதல். 15 நொட் வேகத்தில் ஓடும் கப்பலுக்குப் பதினொரு நாளுக்கு மேல். கடிதம் ஒரு கடலில், ஆள் வேறொரு கடலில். பிணக்கு எங்கே இருக்கிறது? அந்த அம்மாவின் மீது ஏற்றிய பழியை இந்த மேடையில் இறக்கிவைக்கவே வந்தேன்.

அப்போது கால்வாயில் அகப்பட்ட 15 கப்பல்களில் 14 பெரும் பிட்டர் ஏரியில் நின்றன. 1975 ஜூனில்தான் கால்வாய் திறந்தது. அகப்பட்ட கப்பல்களின் மாலுமிகள் தாங்களே முத்திரை வரைந்து கடிதங்களில் ஒட்டினார்கள். தபாலின் தவிப்புக்கு வேறு சான்று வேண்டுமா?

கடற்படைப் பொறியியலாளராக இருந்த நரசய்யாவின் ‘கடலோடி’ அருமையான நினைவுநூல். ஆயினும் நினைவுநூல் முடிவு தெரிந்தபின் எழுதப்படுவது. கடிதத்துக்கு நாளைய செய்தி தெரியாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியவை சில. மனைவியர் எழுதிய பதில்களைத் தேட வேண்டும். கப்பல் முகவர்களின் தபால் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். கண்டிப் பகுதித் தபாற்கந்தோர் முத்திரைகளுக்கு ஓர் அட்டவணை தேவை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் எவரேனும் இந்த ஆண்டே தொடங்கலாம்.