புதிய தட்டும் பழைய கரைகளும்



காஞ்சிபுரத்துத் தறிகளின் உச்சியில் ஜக்கார்டு என்னும் பெட்டி அமர்ந்திருப்பதையும், துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டு அதில் தொங்குவதையும் உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி உயரும். பாவு இழையும் உடன் உயரும். துளையில்லாத இடத்தில் இழை அசையாது கிடக்கும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை இது. இதனைக் கண்டே இங்கிலாந்தின் சார்லசு பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் துளை அட்டைகளால் கட்டளையிட எண்ணினார். கணினியின் பாட்டனார் ஒருவர் நம் ஊர்த் தறிமேல் வீற்றிருக்கிறார் என்று நான் சொன்னால் அது மிகையன்று.

அட்டையைக் கழற்றிவிட்டால் தறி என்ன ஆகும்? பாவும் ஊடையும் நாடாவும் இருந்தும், மயிலும் யாளியும் கரையில் தோன்றா. மடிக்கணினியின் நிலையும் அதுவே. அதன் தட்டை மாற்றினால், அதிலிருந்த இயங்குதளமும் அதனோடு போய்விடுகிறது. புதிய தட்டு வெறுமையானது. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் சிறு நிரல் நிலையாகப் பதிந்திருக்கும். கருவி விழித்தவுடன் அது இயங்குதளத்தைத் தேடும். கிடைக்காவிடில் ‘ஒன்றும் இல்லை’ என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். இதைக் கண்டு கருவியே கெட்டது என்று கலங்குவோர் பலர்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரின் மகள் கல்லூரியில் பயில்கிறாள். அவள் தமையன் பள்ளியில் பெற்ற மடிக்கணினியே அவளுக்கும் துணை. நம் ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழி வந்தது அது. அதன் வன்தட்டு ‘டக், டக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கிற்று. கடைக்காரர் ஒருவர், “தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்றாராம். பொருளை விற்பவர் வாயில் வரும் மருத்துவம் எப்போதும் இதுதான்! ஆனால் அத்தட்டில் அவள் தந்தை பல ஆண்டுகளாகக் கட்டங்களில் வரைந்து சேர்த்த கரை வடிவங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டே அட்டை குத்துவார்கள். ஆகவே என்னிடம் வந்தார்கள்.

நான் முதலிற் கூறியது, “திருப்புளியைத் தொடாதே” என்பது. ஒலிக்கும் தட்டு இன்னும் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. வேறொரு கணினியில், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கி, எட்டு ஜிபி பென் டிரைவில் எழுதினோம். எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும், வெற்றானதையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் எதையும் நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே அத்தளத்தை ஓட்டிப் பழைய கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுத்தோம். பெரும்பாலானவை வந்தன. ஒரு கோப்புறை மட்டும் படிக்க முடியவில்லை. பதினொரு கரைகள் அதிலிருந்தன.

அதன்பின் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, பழைய தட்டை உருவி, எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத தட்டைப் பொருத்தினோம். கோப்புகளைப் படியெடுத்த தட்டையும் கழற்றி வைத்தோம். நிறுவும்போது ‘முழுத் தட்டையும் அழிக்கவா?’ என்று கேட்கும். பிற தட்டு ஏதும் இணைந்திருந்தால், பிழையான தட்டு அழிய இடமுண்டு. பென் டிரைவிலிருந்து தொடங்க வைக்கும் விசை சில கருவிகளில் எப்12, சிலவற்றில் எஸ்கேப் அல்லது எப்9. முதல் திரை மறையுமுன் அதனை அழுத்த வேண்டும்.

விண்டோஸ் வேண்டாமா என்று அவள் கேட்டாள். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு இந்தப் பழைய கருவியில் இல்லை. புதிய கருவி வாங்கும் பொருளும் அவர்களிடம் இல்லை. ஆகையால் லினக்சையே நிறுவினோம். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. ‘தமிழ்99’ விசைப்பலகையையும் அமைத்தாள்.

தட்டையும் இயங்குதளத்தையும் எவரும் மறுபடி பெறலாம்; அப்பதினொரு கரைகளை எவரும் விற்பதில்லை. அவற்றுள் நான்கிற்குப் பழைய அட்டைகள் பரணில் கிடந்தன. அவள் தந்தை மாலைதோறும் அவற்றை விரித்துத் துளைகளை எண்ணிச் சொல்ல, அவள் கட்டம் கட்டமாகத் திரையில் வரைகிறாள். வரைந்தவுடன் ஒரு படியை வேறு தட்டிலும் வைக்கிறாள். எஞ்சிய ஏழிற்கு, அவர் முன்பு நெய்து கொடுத்த சேலைகள் யார் வீட்டுப் பெட்டியில் உள்ளன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.