மூன்றாண்டுப் பந்தயமும் ஒரு தீர்ப்பும்



டில்லியிலிருந்து யமுனை விரைவுச்சாலை வழியாக ஆக்ராவுக்குப் பிரயாணம் செய்தவர்கள், கிரேட்டர் நொய்டாவைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், வெட்டவெளியில் மிகப் பெரிய பார்வையாளர் மேடை ஒன்று நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதுதான் புத்த சர்வதேசப் பந்தயத் தளம். அது அமைந்துள்ள கௌதம புத்த நகர் மாவட்டத்தைப் போலவே அதுவும் புத்தர் பெருமானின் திருநாமத்தைத் தாங்கியிருக்கிறது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளில் பார்முலா ஒன் உலகப் பந்தயத் தொடரின் இந்தியச் சுற்று அங்கே நடைபெற்றது. பிறகு நின்றுவிட்டது. அது எவ்வாறு வந்தது, ஏன் நின்றது, நின்ற பின்னும் எஞ்சியது எது என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன்.

பார்முலா ஒன் உலகப் பட்டத்திற்கான போட்டி 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரே ஊரில் நடந்து முடியும் போட்டியன்று அது. ஆண்டுதோறும் பல நாடுகளில் கிராண்ட் பிரீ என்னும் பெயரில் பந்தயங்கள் நடக்கும். ஒவ்வொன்றிலும் ஓட்டிகள் பெறும் புள்ளிகளைக் கூட்டி ஆண்டு முடிவில் உலக வாகையர் யார் என்று அறிவிப்பார்கள். மோட்டார்ப் பந்தயம் தமிழர்களுக்குப் புதியதன்று. சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைக் கண்ட பெரியவர்கள் நேயர்களிடையே இருக்கக்கூடும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளமே அமைந்தது. ஆயினும், உலகத் தொடரின் ஒரு சுற்று இந்திய மண்ணில் நடந்தது 2011இல்தான்.

அந்தத் தளத்தை வரைந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் டில்கே. ஒரு சுற்றின் நீளம் 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், வளைவுகள் 16, பந்தயம் 60 சுற்றுகள். தளத்தைக் கட்டியதும் பந்தயத்தை நடத்தியதும் ஜேப்பி என்னும் தனியார் தொழிற்குழுமம். அரசாங்கத்தின் பணம் அதில் இல்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே திறவுகோல்.

2011 அக்டோபர் 30ஆம் நாள் நடந்த முதல் பந்தயத்தைக் காண நானும் சென்றிருந்தேன். 2,500 ரூபாய்ச் சீட்டு. இருந்தவற்றுள் மலிவானது அதுதான். இரண்டு நாட்களுக்கு முன் நடந்த முதல் பயிற்சி ஓட்டத்தில் நாய் ஒன்று பாதைக்குள் புகுந்து ஓட்டத்தையே நிறுத்திவிட்டதைப் பற்றி, என்னைச் சுற்றி இருந்தவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தனர். கார்கள் புறப்பட்டதும் அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. காதால் கேட்பதற்கு முன் நெஞ்சு உணரும் ஓசை அது. ஜெர்மானியரான செபாஸ்டியன் வெட்டல் முதல் சுற்றிலிருந்து இறுதிச் சுற்றுவரை முன்னணியை விடாமல் ஓட்டி வென்றார். சச்சின் டெண்டுல்கர் கட்டங்கட்டமான கொடியை அசைத்துப் பந்தயத்தை முடித்துவைத்தார்.

ஆனால் என் கண்கள் தேடியது வேறொரு காரை. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் அன்று ஓட்டினார். 2005இல் பார்முலா ஒன்னில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். ஹிஸ்பானியா என்ற அந்தச் சிறிய அணியின் கார், தொடரிலேயே மிக மெதுவானவற்றுள் ஒன்று. அதைக் கொண்டு அவர் 17ஆவதாக முடித்தார். அதே அணியின் மற்றோர் ஓட்டியும், பிற்காலத்தில் எட்டுப் பந்தயங்களை வென்றவருமான டேனியல் ரிக்கார்டோ அவருக்கு அடுத்த இடத்தில் வந்தார். நாராயணின் கார் கடந்து செல்லும்போதெல்லாம் என் பின்வரிசையில் யாரோ ஒருவர் "வாப்பா, வா!" என்று கூவிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை தொலைவில் அந்தக் குரல் கேட்டதே போதுமானதாக இருந்தது.

2012இலும் வெட்டலே வென்றார். 2013 அக்டோபர் 27ஆம் நாள் மூன்றாம் முறையாகவும் வென்று, அங்கேயே நான்காவது உலகப் பட்டத்தையும் உறுதி செய்துகொண்டார். வென்றபின் நேரே காரை நிறுத்துமிடத்திற்குக் கொண்டு செல்லாமல், பார்வையாளர் மேடையின் முன் வட்டமிட்டுப் புகை கிளப்பி, இறங்கித் தம் காரை வணங்கினார். விதியை மீறியதாக அவருக்குக் கண்டிப்பும் அவர் அணிக்கு 25,000 யூரோ அபராதமும் விதித்தார்கள். இந்தியச் சுற்றின் கடைசிக் காட்சி அதுவே.

ஏன் நின்றது? இப்பந்தயங்களின் கணக்கு விசித்திரமானது. பந்தயத்தை நடத்துபவர், உலகத் தொடரின் வணிக உரிமையை வைத்திருக்கும் அயல்நாட்டு நிறுவனத்திற்குப் பெருந்தொகை கட்டணமாகத் தரவேண்டும். 2011ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அக்கட்டணம் 4 கோடி டாலர். தொலைக்காட்சி வருமானமும், தளத்தைச் சுற்றி வைக்கும் விளம்பரங்களின் வருமானமும் பெரும்பாலும் அந்நிறுவனத்தையே சேரும். நடத்துபவருக்கு முக்கியமாக எஞ்சுவது சீட்டு விற்ற பணம். பல நாடுகளில் இந்தப் பள்ளத்தை அரசாங்கமே நிரப்புகிறது. இங்கு அவ்வாறு இல்லை.

அதற்குமேல் ஒரு சொற்சிக்கல் எழுந்தது. இது விளையாட்டா, பொழுதுபோக்கா? விளையாட்டு என்றால் அப்போது வரிச்சலுகைக்கு வழியிருந்தது. பொழுதுபோக்கு என்றால் கேளிக்கை வரி இருந்தது. கட்டணத்தை அயல்நாட்டுக்கு அனுப்ப 2009இல் இசைவு கேட்டபோது, இது வெறும் விளையாட்டன்று, வணிகக் கேளிக்கை என்று கருதி மத்திய விளையாட்டு அமைச்சகம் மறுத்தது. உத்தரப் பிரதேச அரசோ கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. அவ்விலக்கை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். முதல் பந்தயத்திற்குச் சில நாட்களே இருந்த நிலையில், சீட்டு வருமானத்தில் 25 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் வைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தகைய தொல்லைகளுக்கிடையே 2014இல் இந்தியச் சுற்று விடப்பட்டது. மீண்டும் வரும் என்றார்கள், வரவில்லை. அதே தளத்தில் 2023 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் உலகத் தொடரின் சுற்று ஒன்று நடந்தது. அடுத்த ஆண்டு அதுவும் நடைபெறவில்லை.

பந்தயம் நின்றபின்னும் ஒரு வழக்கு நிற்கவில்லை. அந்த அயல்நாட்டு நிறுவனம் இந்தியாவில் சம்பாதித்த பணத்திற்கு இங்கே வருமான வரி செலுத்தவேண்டுமா என்பதே கேள்வி. அதற்கு இந்தியாவில் "நிலையான தொழிலிடம்" இருந்தால் மட்டுமே வரி உண்டு. எங்கள் பந்தயம் ஆண்டுக்கு மூன்றே நாள், தளமும் எங்களுடையதன்று என்று நிறுவனம் வாதிட்டது. 2017 ஏப்ரல் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பந்தயத்தின்போது அத்தளத்தில் யார் நுழையலாம், எதைப் படம் பிடிக்கலாம், எந்த விளம்பரம் நிற்கலாம் என்பதையெல்லாம் அந்நிறுவனமும் அதன் துணை நிறுவனங்களுமே தீர்மானித்தன. வருமானம் பிறந்த இடமும் அதுவே. ஆகவே நாட்கள் சிலவேயாயினும், அது நிலையான தொழிலிடம்தான் என்பது தீர்ப்பு.

இத்தீர்ப்பைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, "நிலையான" என்ற சொல்லை எழுத என் கை தயங்கியது. மூன்றே ஆண்டில் மறைந்த ஒன்றுக்கு, அதுவும் எல்லாம் நிலையற்றவை என்று போதித்தவரின் பெயர் கொண்ட இடத்திற்கு, அச்சொல் பொருந்துமா? பிறகு ஒரு படிவம் என் நினைவுக்கு வந்தது. வெளிமாநிலத்தில் வாழும் நாம் அனைவரும் அதை நிரப்பியிருக்கிறோம். "நிரந்தர முகவரி" என்னும் கட்டத்தில் நான் இன்றும் எழுதுவது என் தந்தையார் வீட்டின் கதவிலக்கத்தை. ஆண்டில் பத்து நாள் அங்கே தங்கினால் அதிகம். இருபது ஆண்டுகளாக உண்டு, உழைத்து, பிள்ளைகளை வளர்க்கும் டில்லி வீடோ "தற்காலிக முகவரி". நீதிமன்றம் நாட்களை மட்டும் எண்ணவில்லை. அவ்விடத்தில் யாருடைய சொல் நடந்தது, யாருடைய தொழில் நடந்தது என்றும் கேட்டது. நம் படிவங்கள் அவ்விதம் கேட்பதில்லை. நாமும் நம்மை அவ்விதம் கேட்டுக்கொண்டதில்லை என்று எனக்குத் தோன்றியது. தயக்கம் நீங்கி அச்சொல்லை எழுதினேன்.

2025 ஜூலையில் அயல்நாட்டு ஓட்டல் நிர்வாக நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தப் பந்தய வழக்கின் தீர்ப்பையே எடுத்தாண்டது. கார்கள் போய்விட்டன, புகையும் ஓசையும் அடங்கிவிட்டன. அந்த மூன்று பந்தயங்கள் இந்தியச் சட்டத்தில் விட்டுச் சென்ற தடம் மட்டும் அழியவில்லை. அடுத்த முறை யமுனைச் சாலையில் அந்த மேடையைக் கடக்கும்போது, நேயர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.