அந்தமான் வெயிலும் நம் கேமராவும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சிவில் படிச்சவனுக்குப் போட்டோவைப் பத்தி என்னய்யா பேச்சு?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. படகுத்துறை கட்டும் வேலைக்காக நான் நான்கு வருடம் அந்தமானில் இருந்தேன். நம்ம பேட்ச் நண்பர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து போனார்கள். கிளம்பும்போது எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "உன் படம் மட்டும் எப்படிடா நல்லா வருது?"

முதல் பதில், நேரம். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் இருப்பதோ ஏறக்குறைய 92.7 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் அங்கே சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. வருடம் முழுவதும் ஏறக்குறைய காலை 5 முதல் 6 மணிக்குள் உதயம், ஏறக்குறைய மாலை 5 முதல் 6 மணிக்குள் அஸ்தமனம். டிபன் முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவர் நல்ல வெளிச்சத்தைக் கோட்டை விட்டவர். 2018 வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவில் காலாபத்தர் கடற்கரை கிழக்குப் பார்த்தது. காலையில் அங்கே போங்கள். ராதாநகர் மேற்குப் பார்த்தது, அது மாலைக்கு. உச்சி வெயிலில் ஆளை நிற்க வைத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான் தெரியும். மர நிழலுக்குக் கூப்பிடுங்கள்.

அடுத்தது மணல். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். வெள்ளை மணல் அழுக்காக விழுவது அதனால்தான். போனில் திரையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். கடலுக்கு முன்னால் நிற்பவர் முகம் கறுத்தால், முகத்தின் மேல் தொடுங்கள்.

மூன்றாவது ஈரம். ஏ.சி. அறையில் இருந்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பதுபோல லென்ஸ் வேர்த்துவிடும். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது புரியும்! பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அரைமணி நேரம் வெளியே வையுங்கள். வேர்வை பையோடு போகும். தண்ணீருக்குள் சிவப்புதான் முதலில் மறையும். ஆழம் போகப் போக எல்லாம் நீலம். ஆழம் குறைந்த இடத்தில், பொருளுக்கு அருகில் போய் எடுங்கள். ஆனால் பவளப்பாறை மேல் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது.

இனி, எடுக்கவே கூடாத படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாராடாங் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவிப் போகிறது. வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வரிசையாக, காவலோடுதான் போக வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். 1998 வாக்கில்தான் வெளியாரோடு பழகத் தொடங்கினார்கள். 1999-இலேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2012 ஜனவரியில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆட வைத்த ஒரு வீடியோ உலகெங்கும் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதே 2012-இல் கடுமையாக்கப்பட்டது. அவர்களைப் படம் எடுப்பது சிறைக்குப் போகும் குற்றம்.

ஒருமுறை அந்த வழியில் என்னோடு வந்த நண்பன் போனை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். "ஒண்ணே ஒண்ணுடா, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். "உன் தங்கச்சியை எவனோ பஸ் ஜன்னல் வழியா எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினா சும்மா இருப்பியா மச்சி?" என்றேன். போன் பைக்குள் போனது. பாராடாங் வரை அவன் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்!

கடைசியாக, பகிர்வது. அறுநூறு படத்தையும் குரூப்பில் கொட்டினால் பெற்ற தாய்கூடப் பார்க்க மாட்டார். பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் டாகுமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம். வேண்டாமென்றால் நீக்கிவிட்டு அனுப்புங்கள். வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கு அறிவிக்காமல், திரும்பி வந்த பிறகு போடுவது உத்தமம்.

படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஸ்வராஜ் தீவில் ஒரு வங்காளிப் படகோட்டி என்னிடம் சொன்னார்: "தினம் பத்துப் பேர் என்னைப் படம் எடுக்கிறாங்க சாப். என் வீட்டுச் சுவரில் என் படம் ஒண்ணுகூட இல்லை." அவரையும் அவர் மகளையும் காலை வெளிச்சத்தில் படகோரம் நிற்க வைத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டு அடுத்த கப்பலில் கொடுத்தனுப்பினேன். நான்கு வருடத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில், இன்னமும் ஒரு சுவரில் தொங்குவது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறைக்கு எங்கே போனாலும் விடியுமுன் எழுந்திருங்கள், கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் கொடுங்கள்.